மறு ஆய்வுக்கு ஒரு சுவர்

ஜூன் மாதம் பதினோராம் நாள், வியாழக்கிழமை, பெயின்டரின் மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடையாது என்று அறக்கட்டளை அறிவித்தது. அவள் மதிப்பெண்ணில் குறைவில்லை. எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறியிருந்தாள். வீட்டுச் சுவர் நன்றாக இருந்தது என்பதே காரணம்.

செய்தி வந்த நேரத்தில் பெயின்டர் ஒரு பல் மருத்துவரின் புது வீட்டுக் கூடத்தில், ஏணியின் மேல் நின்று, மேற்கூரைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், மீசை யாவும் பட்டி மாவு. சன்னல் கட்டையில் கிடந்த கைப்பேசி மணியடித்தது. கீழே நின்ற மைத்துனன் எடுத்துக் காதில் வைத்தான். கேட்டு முடித்தபின் அண்ணாந்து பார்த்தான்.

"பாப்பா பேசுது மாமா. வீடு வசதியா இருக்காம். அதனால பணம் கிடையாதாம்."

"யார் வீடு?"

"நம்ம வீடுதான். பின்ன இந்த டாக்டர் வீட்டையா பார்த்துட்டுப் போனாங்க?"

பெயின்டர் இறங்கவில்லை. தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்த்தார். மருந்தியல் படிக்கக் கல்லூரி ஒன்றில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாதம் முடிவதற்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவரிடம் இருந்ததெல்லாம் இந்த உதவித்தொகையின் மேலிருந்த நம்பிக்கைதான்.

அந்த அறக்கட்டளைக்கும் அரசுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இரும்பு வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஒருவர், இம்மாநிலத்தில் பிறந்து இம்மாநிலத்துக் கல்லூரியிலேயே சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தம் சொந்தப் பணத்தில் நிறுவியது அது. நல்ல செயல், அதைப் பழிக்க எவருக்கும் நாக்கு எழாது. அவர் மறைந்தபின் கொடையாளர்கள் பெருகினார்கள். பெருகியவுடன் சந்தேகமும் பெருகியது. ஏழையென்று சொல்லிக்கொள்பவர் உண்மையிலேயே ஏழைதானா என்று நேரில் பார்த்துவர ஆள் அனுப்பும் வழக்கம் அப்படித்தான் புகுந்தது. சான்றிதழ் பொய் சொல்லும், வீடு பொய் சொல்லாது என்பது அவர்களுடைய கொள்கை. சுவர்களைப் பொய் சொல்ல வைத்தே பிழைக்கும் ஒரு மனிதரின் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்ததுதான் கோளாறு.

மே மாதத்தில், ஆய்வுக்கு வருகிறார்கள் என்று மகள் சொன்னபோது, 'ஆய்வுக்கு' என்ற சொல் பெயின்டரின் காதில் விழவில்லை. 'வருகிறார்கள்' என்பது மட்டுமே விழுந்தது. படித்தவர்கள், மகளைத் தேர்ந்தெடுத்தவர்கள், படியேறி வீட்டுக்கு வருகிறார்கள். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட அந்த மாடி வாடகை வீட்டில் அவர்கள் எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவார்கள்? வாசலுக்கு நேரெதிரே இருந்த சுவரைத்தான். ஆண்டுக்கணக்கில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, விட்டத்தின் மூலையிலிருந்து கட்டில் வரைக்கும் கிழிந்த துணிபோல விரிசல் ஓடிக்கிடந்த சுவர் அது.

"ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னுது. நம்ம வீட்டுது மட்டும் அழுது வடியுது. இப்பவாவது பிரஷைத் தொடுவீங்களா, இல்ல அதுக்கும் நான் அட்வான்ஸ் குடுக்கணுமா?" என்றாள் மனைவி. ஆயத்த ஆடைக் கடையில் துணி மடித்து அடுக்கும் வேலை அவளுக்கு. மடிப்புக் கலைந்த எதைக் கண்டாலும் அவளுக்குக் கை பரபரக்கும். அந்தச் சுவரோ குடிவந்த நாள்முதல் அவள் கண்ணில் விழுந்த தூசி.

பெயின்டர் கட்டிலுக்கடியிலிருந்து டப்பாக்களை இழுத்தார். வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சியவை அவை: வழக்கறிஞர் ஒருவரின் அலுவலறைச் சாம்பல், நகைக்கடைக்காரரின் படுக்கையறைத் தந்த நிறம், ஓட்டல் ஒன்றின் முகப்புக்கு வாங்கிய பொன்தூள். விரிசலைக் கொத்திப் பட்டி நிரப்பினார். ஓதத்தின் மேல் இரண்டு கை பிரைமர் அடித்தார். பிறகு தந்த நிறத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் சாம்பலைத் தொட்டு, இறகு முனையால் நரம்பு நரம்பாக இழுத்து, அந்தச் சுவரைப் பளிங்காக்கினார். பணம் வாங்கிக்கொண்டு செய்த எந்தச் சுவரும் அவருக்கு அப்படி வாய்த்ததில்லை. மனைவி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பார்த்தா ஜில்லுனு இருக்கும்போல இருக்கு, தொட்டா சூடா இருக்கு," என்றாள். அன்று மகள் வழக்கமான மூலையை விட்டு, புத்தகத்தோடு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வந்தவர் ஒருங்கிணைப்பாளர் என்னும் பதவியிலிருந்த நடுவயதுப் பெண்மணி. கூடவே ஒரு புகைப்படக்காரர். அந்தப் பெண்மணி மெல்லிய குரலும் இரக்கமான கண்களும் உடையவர். இரக்கத்தோடு எல்லாவற்றையும் பார்த்தார்; கடைசியில் சுவரைப் பார்த்தார். ஒற்றை விரலால் நரம்பு ஒன்றைத் தடவினார்.

"மார்பிளா?"

பெயின்டர் சிரித்தார், மறுமொழி சொல்லவில்லை. பளிங்குப் பூச்சு செய்பவர்களிடையே அது ஒரு வழக்கம். பார்த்தவர் 'இது மார்பிளா' என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் சிரித்தபடி தள்ளி நிற்க வேண்டும். அவருக்குத் தொழில் பழக்கிய முதலாளி அப்படித்தான் நிற்பார்; இவரும் அப்படியே நின்றார். அந்தச் சிரிப்புக்குத்தான் ஜூன் பதினோராம் நாள் விலை சொல்லப்பட்டது.

மறுநாளே பெயின்டரும் மனைவியும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார்கள். காத்திருப்போர் அறைச் சுவரெல்லாம் படங்கள். ஓலையும் தகரமும் வேய்ந்த கூரைகள், ஒழுகும் விட்டங்கள், அவற்றின்கீழே புத்தகத்தோடு பிள்ளைகள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பெயின்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்லூரியில் எடுத்த படம், பட்டம் வாங்கிய படம் என்று ஒன்றுகூட அங்கே கிடையாது.

"அது பெயின்ட் மேடம். நானே அடிச்சது. மிச்சம் மீதி பெயின்ட்," என்றார் ஒருங்கிணைப்பாளரிடம்.

"நான் கேட்டப்ப நீங்க இல்லன்னு சொல்லலையே."

"சொல்லலைதான். நல்லா இருக்குன்னு சொல்றீங்கனு நினைச்சேன்."

மனைவி இடையில் புகுந்தாள். "வீட்டுக்குப் பெரியவங்க வர்றாங்கன்னு சுத்தம் பண்ணினது தப்பா மேடம்? குப்பையும் கூளமுமா போட்டு வெச்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "என்னைத் தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா படத்தைக் கொடையாளருங்க பார்ப்பாங்க. இந்தச் சுவத்தை வெச்சுக்கிட்டு நான் அவங்ககிட்ட என்ன சொல்ல முடியும்? மறு ஆய்வுக்கு எழுதிக் குடுங்க. அடுத்த வாரம் நானே வர்றேன்." எழுந்து கதவு வரை உடன் வந்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீடு கொஞ்சம் இயல்பா இருக்கட்டும்."

படியிறங்கும்போது, "இயல்பான்னா என்ன?" என்று மனைவி கேட்டாள். பெயின்டருக்குப் புரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், முதலில் பளிங்குப் பூச்சைச் சுரண்டிவிடலாமென்று பட்டித்தகட்டை எடுத்தார். மைத்துனன் தடுத்தான்.

"சுரண்டினா சிமென்ட்டோட வரும். அப்புறம் வீட்டுக்காரர் நம்மளச் சுரண்டிடுவார்."

"அப்ப வெறும் வெள்ளை அடிச்சுடறேன்."

"வெள்ளை அடிச்சா புது வீடு மாதிரி இருக்கும் மாமா. போன தடவை மார்பிள், இந்தத் தடவை புதுப் பெயின்ட்டுன்னு எழுதிக்கிட்டுப் போவாங்க. அவங்களுக்கு வேணும்கிறது ஓதம். பேசாம வரைஞ்சுடு. பணக்காரனுக்கு மார்பிள் வரைஞ்ச கைதானே, ஏழைக்கு ஓதம் வரையாதா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். பெயின்டர் சிரிக்கவில்லை. தந்த நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, காவியும் கொஞ்சம் கறுப்பும் கலந்தார். கடற்பஞ்சால் ஒற்றினார். ஓதத்தின் விளிம்பு நடுவைக் காட்டிலும் கருத்திருக்கும் என்பதால், காயும் தறுவாயில் ஓரங்களை மட்டும் மறுபடி தொட்டார். உப்புப் பூத்த இடங்களுக்குச் சுண்ணாம்புத் தூளை ஊதினார். போன மாதம் வரைக்கும் அங்கே உண்மையாகவே இருந்தவற்றை ஒன்றுவிடாமல் நினைவிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். கடைசியில் மெல்லிய பிரஷை எடுத்து, விட்டத்தின் மூலையிலிருந்து கட்டில் வரைக்கும் அந்த விரிசலை இழுத்தார். ஆழம் தெரிவதற்காக அதன் இடக்கரை நெடுகவும் முடியளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு போட்டார்.

மகள் சமையலறை நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் எழுதின பரீட்சை உண்மைதானே?"

"என்னம்மா இப்படிக் கேக்கற?"

"இல்ல, அது மட்டும் போதும்னு நினைச்சுட்டேன். அதான்."

பெயின்டர் பிரஷை டப்பாவில் போட்டார். வேறெந்தச் சுவரிலும் தவறு நேர்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். கையில் துணியும் இருந்தது. மாதக் கடைசியை நினைத்தார். துணியைக் கொடியில் போட்டார். "மன்னிச்சுக்கோ," என்றார். அவள் வந்து டப்பாவிலிருந்த பிரஷை எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறு ஆய்வுக்கு வந்த ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் கண்கள் கலங்கின. அந்தக் கலக்கத்தில் பொய்யில்லை. "மறைச்சுட்டீங்களே, போன தடவை இதை அப்படியே மூடி மறைச்சுட்டீங்களே," என்றார் பெயின்டரிடம், செல்லமாகக் கடிந்துகொள்வதைப்போல. பிறகு மகளின் தோளைத் தொட்டார். "இந்தச் சுவத்துக்குக் கீழ உக்காந்தா படிச்சே?"

"ஆமா. இதே சுவத்துக்குக் கீழதான் படிச்சேன்."

அதிலும் பொய்யில்லை. புகைப்படக்காரர் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார். புத்தகத்தைக் கையில் கொடுத்தார். படமென்றதும் வழக்கப்படி அவள் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா. சும்மா இரு, போதும்."

சமையலறைக்குள்ளிருந்த மனைவி ஏனத்தை 'டங்'கென்று வைத்தாள். பெயின்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் காவி ஒட்டியிருந்தது. மகள் சிரிப்பை விழுங்கினாள். அப்போது அவள் முகத்தில் வந்தது சோகமன்று, பல்லைக் கடித்துக்கொண்ட கோபம். புகைப்படக்காரர், "இதுதான், இதுதான். அப்படியே இரு," என்றார்.

புறப்படும்போது ஒருங்கிணைப்பாளர் ஆறுதலாகச் சொன்னார்: "இனிமே கவலையில்ல. படிப்பு முடியற வரைக்கும் வருஷா வருஷம் வந்து பார்த்து, நிலைமை இப்படியே இருந்தா தொடர்ந்து குடுப்போம்."

அவர் படியிறங்கி மறைந்தபின் மைத்துனன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நிலைமை இப்படியே இருந்தான்னா… அந்தச் சுவத்தைத் தொடவே கூடாதா மாமா?"

பணம் வந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள். மழைக்குப்பின் கூடத்துச் சுவரில் சிறிய கறை கண்டிருக்கிறதென்று பல் மருத்துவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெயின்டரும் மைத்துனனும் போனார்கள். மேசையை நகர்த்தித் துணி போர்த்தும்போது மருத்துவரின் மனைவி ஓடிவந்து அதன்மேலிருந்த, அறக்கட்டளை அச்சிட்ட வழவழப்பான சிறுநூலை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் அதைப் பிரித்தும் காட்டினார். அவரும் அந்த அறக்கட்டளைக்குக் கொடை கொடுப்பவராம்.

"இந்தப் பொண்ணைப் பாருங்க பெயின்டர். இப்படி ஒரு சுவத்துக்குக் கீழ உக்காந்து படிச்சிருக்கு, பாவம். உங்க கை பட்டா இந்தச் சுவரு ஒரே நாள்ல சரியாயிடும்ல?"

மைத்துனன் இருமினான்.

"ஆயிடும்மா," என்றார் பெயின்டர். "ஒரு நாள்கூட வேண்டாம். அடிக்கத்தான் கூடாதாம்."

"கூடாதுன்னு யாரு சொன்னது?"

அவர் ஏணியில் ஏறிவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர்.

நீங்கள் சொல்லுங்கள். அந்தச் சிறுநூல் உங்கள் வீட்டு மேசையிலும் கிடக்கலாம். எடுங்கள், அவளுடைய படத்தைச் சற்று வெளிச்சத்தில் பிடியுங்கள். தலைக்குப் பின்னால் ஓடும் விரிசலின் இடக்கரையில் முடியளவு வெளிச்சக் கோடு தெரியும். வலப்பக்கச் சன்னலிலிருந்து ஒளி விழுவதாகக் கருதி, பெரிய வீடுகளுக்குப் போட்டுப் பழகிய கை போட்ட கோடு அது. அந்த அறைக்கு வலப்பக்கம் சன்னலே கிடையாது. அதைப் பார்த்தபின் அவள் முகத்தைப் பாருங்கள். பிறகு அறக்கட்டளைக்கு எழுதுங்கள்: விடைத்தாளைத் திருத்தியதோடு உங்கள் வேலை முடிந்தது, சுவரைத் திருத்தும் உரிமையை அந்த மனிதரிடமே கொடுத்துவிடுங்கள் என்று எழுதுங்கள். அடுத்த ஜூனில் அவர்கள் மறுபடியும் படியேறி வருவதற்குள் எழுதுங்கள். அவர் கட்டிலுக்கடியில் தந்த நிறம் இன்னும் கால் டப்பா இருக்கிறது. மூடிக்குக் கீழே ஏற்கெனவே ஆடை படர்ந்துவிட்டது. அது கட்டியாவதற்குள் எழுதுங்கள்.