ஆடு அசைபோடும் வரை

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்கு ஆராய்ச்சி மாணவனாகச் சின்னப்பராஜ் வந்தது 1985 தையில். பங்குனி பிறந்தும் ஆராய்ச்சி தொடங்கவில்லை. செம்மறிக்கு இன்சுலின் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், ஆடு சும்மா இருக்கும்போது சர்க்கரை எவ்வளவு என்று தெரிய வேண்டும். அவனுடைய ஆடோ சும்மா இருப்பதேயில்லை.

குத்தல் வலிகூடக் கிடையாது. கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வைத்தாகிவிட்டது; அதன் வழியே உறிஞ்சினால் போதும். இருந்தும் அவனைக் கண்டதும் ஆடு மூலைக்கு ஓடும். பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கும். ஈரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். வரவேண்டியதைப்போல இரண்டு மடங்கு வரும்.

"உன்னப் பாத்தா அதுக்குக் கறிக்கடைக்காரன் நெனப்பு வருதாட்டம் கீது. நீ எப்பிடித்தான் பொண்ணு பாக்கப் போவப் போறியோ!" என்று சிரிப்பாள் தழை போடும் தையல்நாயகி.

அலுத்துப்போய் ஒருநாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டிக்குள்ளேயே உட்கார்ந்து நாவல் படித்தான். பேச ஆளில்லாதது அவனுக்குச் சுகமாக இருந்தது. நிமிர்ந்தபோது ஆடு பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. திரும்பாமலே ரத்தம் எடுத்தான். சர்க்கரை பாதிதான்!

செய்தி கேட்டு அவனுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் அரங்கநாதன் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பட்டிக்குள் நுழையும்போதே பேச்சு.

"மயிலத்துல கிருத்திகையாம்யா, பஸ்ல நிக்க எடமில்ல. இதுவா உன் ஆடு? ஏய், இங்க வா!"

ஆடு மூலைக்குப் பாய்ந்தது. எடுத்துப் பார்த்ததில் பழைய இரண்டு மடங்கேதான்.

"விட்டுடுய்யா, வேற தலைப்பு எடுத்துக்கலாம். குடல்புழு எவ்வளவோ தேவலாம். புழு பயப்படாது."

அவரிடம் சின்னப்பராஜ் இதுவரை பேசியதெல்லாம் "சரிங்க சார்" மட்டுமே.

"சார்... இன்னொரு தடவ பாக்கலாங்க சார். ஆனா அது அசபோடுற வரைக்கும்... நீங்க பேசக் கூடாதுங்க சார்."

தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கவிழ்த்திருந்த தொட்டிமேல் உட்கார்ந்தார்.

கூரையில் காகம் கத்தியது. அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னப்பராஜ் தலையசைத்துத் தடுத்தான். இந்நேரம் தன் ஈரலும் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று தோன்றியது.

ஆடு வெகுநேரம் நின்றது, முகர்ந்தது, முன்னங்காலை மடக்கிப் படுத்தது. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறியது. தாடை பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. மெல்ல உறிஞ்சினான்.

சோதனை அறையில் கருவியின் முள்ளைப் பேராசிரியரே குனிந்து பார்த்தார். பாதி!

வெளியே வந்தவர், பட்டிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"இன்சுலின் எங்கய்யா வச்சிருக்க?" என்றார் கிசுகிசுப்பாக.

வேலியோரமிருந்து தையல்நாயகி கேட்டாள்: "இன்னா சார், தொண்ட கட்டிக்கிச்சா?"