வாசல்வரை வந்தவள்

கோப்பைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அனலின் தேடிக்கொண்டிருந்தபோது, சிசில் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"அம்மா எப்பவும் இங்கதான் வைப்பாங்க."

அனலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். புருஷனின் பழைய காதலி வந்து, இவள் வீட்டுக் கோப்பையை இவளுக்கே எடுத்துக் கொடுக்கிறாள்! இழவு வீட்டில் பொறாமைப்படுவது பாவம்தான். தெரிந்தேதான் பட்டுக்கொண்டிருந்தாள்.

புருஷன் ரோடெலின் சித்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சிசில் கை பட்டதும் கஞ்சி எங்க அக்கா வெச்ச மாதிரியே இருக்கு. நேத்து என்னடான்னா, சுடுதண்ணியில அரிசி மிதந்துச்சு."

நேற்று வைத்தவள் அனலின்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த ரோடெலிடம் போய்க் குனிந்தாள். "உன் ஆளு கிளம்புறாளாம். போய் வழியனுப்பிட்டு வாயேன்."

"காலையிலேர்ந்து இதே பேச்சா? இழவு வீட்டுக்காரங்க யாரையும் வழியனுப்பக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"கூடும்னா போயிருப்பே, இல்ல?"

அவன் பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு அது போதாதா?

சிசில் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் ஒழிந்தாளா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்போல இருந்தது அனலினுக்கு. பின்னாலேயே எழுந்து போனாள். வாசலில் மாமியாரின் பழுப்புச் செருப்பை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த தன் செருப்பைக்கூட மாட்டாமல், வெறுங்காலோடு கேட்டைத் தாண்டிவிட்டாள்.

வாடகை ட்ரைசைக்கிளில் ஏறிய சிசில் திரும்பிப் பார்த்து அலறினாள். "ஐயையோ, நீ ஏன் வந்தே? உள்ள போ!"

அப்போதுதான் அனலினுக்கு உறைத்தது. வழியனுப்ப வந்தவளைச் சாவு தேடி வரும் என்பார்கள். இலோயிலோ ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வீட்டுக்குள் சித்தி "மாதாவே, மாதாவே" என்று கத்தினாள்.

முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் மேஜையைத் தட்டிவிட்டுக்கொண்டு ரோடெல் ஓடி வந்தான். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"பைத்தியமா நீ? உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரோடடி சண்டை போடுவேன்?"

ட்ரைசைக்கிள் கிளம்பிப் போனது. அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். ஒரு காலில் அவளுடைய ரோஸ் செருப்பு. மறுகாலில் அவன் அம்மாவுடையது.