எதிர்வீட்டில் இருக்கும் என் கஷாயச் சட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெருவில் கிடந்த சக்கையிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் கஷாயம் காய்ச்சிய சக்கையை வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் கொட்டுவோம். போகிற வருகிற கால்கள் மிதித்து மிதித்து நோயைக் கொண்டுபோய்விடும். அன்று காலை எல்லோரும் மிதித்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன்.

எதிர்வீட்டு ஷூலியெனின் மூட்டுவலிக் கஷாயச் சக்கை அது. மல்பெரிக் குச்சி, நாயுருவி வேர், லவங்கப்பட்டைக் குச்சி. நடுவில் நாலு சிவப்பு இலந்தைப் பழங்கள்.

மருந்துச் சீட்டில் இலந்தை கிடையாது. அது மருந்துக்கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டும் என் கணவர் லியாவ், கசப்பு தெரியாமலிருக்க எனக்கென்று மட்டும் போட்டுத் தந்துகொண்டிருந்தது.*

(*எனக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து மூன்று வருஷமாகப் போடுவதில்லை. அதனால் என்ன? எனக்கில்லை என்றால் யாருக்கும் வேண்டாம்.)

2

முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: “அந்தத் தெருவில் மூக்கின் மேல் பெரிய மருவோடு ஷூலியென் என்றொரு விதவை —”

லியாவ் என் பின்னால் நின்று படித்துவிட்டார்.

“அவளுக்கு மரு எங்க இருக்கு?”

“கதையில இருக்கு.”

“மூஞ்சி பளிச்சுன்னுல்ல இருக்கும்.”

“ஓஹோ. மூக்கு, மூஞ்சி எல்லாம் பாத்து முடிச்சாச்சா?”

“கடைக்கு வர்றவங்க மூஞ்சியப் பாக்காம முதுகப் பாத்தா பொட்டலம் கட்டுவாங்க?”

மருவை எடுத்துவிட்டேன். அவள் அழகாகவே இருந்து தொலையட்டும்.

3

இப்போது சட்டி. (இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். ஆத்திரத்தில் இலந்தைக்குப் போய்விட்டேன்.)

குளிர் தொடங்கியபோது ஷூலியென் என் கஷாயச் சட்டியை இரவல் வாங்கிப் போனாள். இரவல் போன கஷாயச் சட்டியை வாங்கினவர் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் நோயையும் சேர்த்துக் கொண்டுவந்த மாதிரி. சட்டிக்காரருக்கு எப்போது வலி வருகிறதோ, அப்போது அவரே போய்க் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வந்துவிட்டது. இந்த ஈரக் குளிரில் இரண்டு முட்டியும் வீங்கி ஒன்பது நாளாகிறது. சந்தையில் மீன் பொறுக்கக் குந்தியவள், மீன்காரியின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். கஷாயம் குடித்தால் நாலாம் நாளே இறங்கிவிடும், தெரியும்.

“புதுச் சட்டி ஒண்ணு வாங்கியாரேன்” என்றார் லியாவ்.

“என் சட்டிய அவளுக்கே தாரை வாத்துட்டீங்களா?”

“சரி, நானே போய் எடுத்தாரேன்.”

“நீங்க அந்த வாசப்படிய மிதிக்க வேணாம்.”

“அப்ப நீ போ.”

“எனக்கு வலின்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே!”

“தெருவுக்கே தெரியும்டி. நீ மாடிப்படி எறங்குறத சனம் நின்னு வேடிக்க பாக்குது.”

அப்புறம்தான் கேட்டேன். “சக்கையில இலந்தை கெடந்துச்சே?”

அவர் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்து மூடினார். “கசக்குதுன்னு சொன்னா. போட்டுக் குடுத்தேன்.”

“எத்தனை?”

“நாலு.”

எனக்கும் நாலுதான் போடுவார். மூன்று போட்டிருக்கலாம். ஐந்து போட்டிருந்தால்கூட அது வேறு கணக்கு என்று விட்டிருப்பேன்.

4

முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் கதவைத் தட்டுகிறேன். ஷூலியென் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “அக்கா, அண்ணன் கடையில எப்பவும் உங்க பேச்சுதான்.” இருவரும் அழுகிறோம். (படிக்க நன்றாக இருக்கும். நான் ஒரு வார்த்தைகூட நம்பமாட்டேன்.)

இரண்டு: சட்டியை வாங்கி அவள் வாசலிலேயே போட்டு உடைக்கிறேன். (பிறகு கஷாயத்தை எதில் காய்ச்சுவது?)

மூன்று: கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு லியாவ் —

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

5

இன்று கடை விடுமுறை. தேநீர்க்கடைக்கு மாஜோங் காய் ஆடப் போகிறேன் என்று லியாவ் கிளம்பிப்போய் ஒரு மணி நேரமாகிறது. எதிர்வீட்டிலிருந்து கஷாய வாடை வருகிறது.

வருவது வரட்டும் என்று எழுந்தேன். ஆறு படி இறங்கினேன். ஏழாவதில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. படியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். அவள் கதவு இங்கிருந்து தெரிகிறது. சாத்தியிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அதனால் நீங்கள் போங்கள். உங்களுக்கு முட்டி நன்றாகத்தானே இருக்கிறது? கதவைத் தட்டி, எதிர்வீட்டுச் சட்டி என்று கேளுங்கள், கொடுத்துவிடுவாள். கைப்பிடி உடைந்து செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் லியாவ் சுற்றிய கம்பி அது.

அடுப்புப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். சட்டிக்குள் மட்டும் பாருங்கள். இலந்தை மூன்று கிடந்தால் மூன்று என்று வந்து சொல்லுங்கள்.

நாலு கிடந்தாலும் மூன்று என்றே சொல்லுங்கள்.