மூன்றாவது குழியில் கொஞ்சம் கூடுதல்

இருட்டுப் பெட்டியிலிருந்து படம் மெல்லக் கணினித் திரைக்கு எழுந்து வந்தது. சுப்ரியா முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதல் கோடு அடர்கறுப்பு. இரண்டாவது சற்று வெளுப்பு. மூன்றாவது, ஈர மணலில் யாரோ விரலால் இழுத்ததை அலை பாதி அழித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

மூன்று கோடுகளும் ஆக்டின். செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல் நின்று அதன் வடிவத்தைத் தாங்கும் புரதம். எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கும் என்று நம்பி, அதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சோதனையின் கடைசியில் ஊற்றுவார்கள். மூன்று கோடும் ஒரே கறுப்பாக வந்தால் மூன்று குழியிலும் சாம்பிள் சம அளவு என்று பொருள். வராவிட்டால், வெளுத்த குழியில் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சமன் செய்வது அந்தப் பாளையங்கோட்டை ஆய்வகத்தின் வழக்கம்.

மூன்றாவது குழியில் இருந்தவை, பாபநாசத்து மலைச்செடி ஒன்றின் சாற்றில் நன்றாக ஊறிய சிறுநீரகச் செல்கள்; இரண்டாவதில் இருந்தவை கொஞ்சமாக ஊறியவை, முதலாவதில் இருந்தவை சாறே படாதவை. அந்தச் சாறு சிறுநீரகத்தைக் காக்கிறது என்று அவளுடைய பேராசிரியர் குமரகுருபரன் கட்டுரை எழுதியிருந்தார்.

ஆன்டிபாடிக்கு முன்பு, புரதங்கள் ஒட்டியிருந்த சவ்வைச் சிவப்புச் சாயத்தில் நனைத்து எடுத்த படமும் அவளிடம் இருந்தது. அந்தச் சாயம் எல்லாப் புரதத்தையும் காட்டும். அதில் மூன்றும் ஒரே சிவப்பு. ஊற்றிய அளவு தப்பவில்லை. செல்லுக்குள் சாரம்தான் சரிந்துகொண்டிருந்தது.

"மூணாவதுல கொஞ்சம் கூட்டி விடும்மா," என்றார் குமரகுருபரன், படத்தைப் பார்த்த உடனே.

"கூட்டுனா ஆக்டின் சமமாயிரும் சார். கூடவே, சிறுநீரகத்தக் காக்கும்னு நாம தேடுத புரதமும் கூடிரும். மருந்து வேலை செய்யுத மாதிரி தெரியும்."

அவர் சிவப்புப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு தடவ செய். அதுவரைக்கும் யாருட்டயும் வாயத் தொறக்காத."

"ஜெமிமாவோட அப்பா இதக் குடிக்காங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் குடிக்கச் சொன்னேனா?"

ஜெமிமா அவளோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள், புன்னக்காயல்காரி. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. சனிக்கிழமைதோறும் ஆய்வகத்தில் மிஞ்சிய இலைகளைப் பொட்டலம் கட்டி ஊருக்குக் கொண்டுபோவாள். சுப்ரியா பேராசிரியர் அறையிலிருந்து திரும்பி வந்தபோதும் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன மூஞ்சி இது? சார் மந்திரிச்சு விட்டுட்டாரா?"

"இந்த வாரம் இலை வேண்டாம் ஜெமிமா."

"ஏன், நீ குடிக்கப் போறியாக்கும்?"

சுப்ரியா கறுப்புப் படத்தை மேசையில் வைத்தாள். ஜெமிமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஊத்தும்போது உனக்குக் கை நடுங்கிருக்கும்."

சுப்ரியா சிவப்புப் படத்தையும் வைத்தாள். நூலைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெமிமாவின் விரல் நின்றது.

"கால் வீக்கம் வத்திருக்குன்னு அப்பா சொல்லுதாவளே."

"வத்திருக்கலாம். எனக்குத் தெரியல. இன்னும் ரெண்டு தடவ செஞ்சா நான் சொல்லுதது தப்பாக்கூட இருக்கும்."

"தப்பா இருக்காது." ஜெமிமா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஈஸ்டருக்கு முந்தி நான் போட்ட சோதனையிலயும் மூணாவது இப்படித்தான் வெளுத்திருந்துச்சு."

"பெறகு?"

"பெறகென்ன, கூட்டி விட்டேன். படம் அழகா வந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் அப்பாவுக்குக் கொண்டுபோக ஆரம்பிச்சேன்."

வெளியே ஆய்வகத்து ஜெனரேட்டர் உறுமி அடங்கியது. ஜெமிமா போனை எடுத்தாள். அப்பாவின் குரல் கடற்காற்றோடு சேர்ந்து பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது.

"ஏ பிள்ள, வண்டி ஏறிட்டியா? இலை எடுத்தியா?"

"எடுக்கலப்பா. அங்கன இருக்கதையும் குடிக்காதீய. கீழ ஊத்திருங்க."

"நீதான நல்லதுன்னு சொன்ன?"

"ஆமாப்பா, நான்தான் சொன்னேன்." அவள் இலைப் பொட்டலத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இப்பவும் நான்தான் சொல்லுதேன். திங்கக்கிழம ஆஸ்பத்திரில ரத்தம் பாத்துருவோம்."

பேராசிரியரின் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று சுப்ரியாவுக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்தபடியே சுப்ரியா இலைப் பொட்டலத்தை எடுத்துக் கழிவு வாளியில் போட்டாள்.