நான்காவது லூசி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கேரனுக்குத் தெரியாமல் எந்த வீட்டுக் குழம்பும் கொதித்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு ரகசியத்தை மட்டும் ஓராண்டாக விழுங்கி வைத்திருந்தாள். கிள்ளானிலிருந்து குடிவந்த லூசி விவாகரத்தானவள். ஊருக்கு, லூசியின் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அந்தப் பொய்யைக் கேரனே உப்பு உறைப்புச் சேர்த்துப் பரிமாறியும் இருக்கிறாள்.

அன்று மாலை லூசி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"உங்க ஒருத்தர்கிட்டதான்க்கா சொன்னேன்."

"பைபிள் மேல சத்தியமா வாயே தொறக்கல லா. என்ன ஆச்சு?"

பாலர் பள்ளி வேலை கேட்டுத் தலைமையாசிரியைக்கு லூசி போன் செய்திருக்கிறாள். "லூசி டிவோர்ஸ்னு பேர் வருதே, யாரும்மா?" என்றாராம் அந்த அம்மாள். அழைப்பது யாரென்று காட்டும் ஆப் ஒன்றை வைத்திருக்கிறாராம்.

கேரன் தன் போனை எடுத்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு லூசிகள். ஆள் மாறிவிடக் கூடாதென்று போனில் லூசி டீச்சர், லூசி கேக், லூசி நாய்க்காரி என்று அடையாளத்தோடு போட்டு வைத்திருந்தாள். நான்காவது, இவள். போன மாதம் அதே ஆப்பைக் கேரனும் இறக்கினாள். உங்கள் தொடர்புகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. விருந்தாளி தண்ணீர் கேட்டதுபோல 'சரி' என்று அழுத்திவிட்டாள். அவள் போட்டு வைத்த பெயர்களெல்லாம் அந்த ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்விட்டன.

வாய்க்குப் பூட்டுப் போட்டவள் பீரோவைத் திறந்து போட்டிருக்கிறாள்.

நின்ற இடத்திலேயே பெயரைத் திருத்தினாள். ஆப்பில் எண்ணைத் தேடினால், இன்னும் டிவோர்ஸ்தான்.

"உங்க போன்ல அழிச்சா ஆப்காரங்ககிட்ட அழியாதாக்கா?"

"நம்பருக்குச் சொந்தக்காரங்க ஆப்புல சேர்ந்தாதான் மாத்த முடியும்னு போட்டிருக்கு."

லூசி தன் போனிலும் ஆப்பை இறக்கினாள். எடுத்த எடுப்பில் அதே கேள்வி. உங்கள் தொடர்புகளை எடுத்துக்கொள்ளலாமா? கொடுக்காமல் மேலே நகரவில்லை.

அவள் விரல் நின்றது. தன்னிடமுள்ள பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் நிமிர்ந்து கேரனைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா. நானும் எல்லாருக்கும் ஒரு பேர் வச்சிருக்கேன்." ஆப்பை அழித்தாள்.

"அப்ப வேலை?"

"நாளைக்கு நேர்ல போறேன். போன் சொன்னத நானே சொல்லிட்டா, அப்புறம் அதுக்கு மேல யார் என்ன சொல்ல?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கேரன் டீ போடப் போனாள். தன் பெயருக்குப் பக்கத்தில் லூசி என்ன போட்டிருப்பாள் என்ற கேள்வி தொண்டைவரை வந்து முட்டியது. அதை மென்று விழுங்கிவிட்டு, "சீனி போடவா?" என்று மட்டும் கேட்டாள்.