கனி பாயின் நாற்பத்தொரு ஓட்டு

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தினமும் பத்து மணிக்கு நான்தான் பேப்பர் வாசிப்பேன். எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்களில் ஆறாம் வகுப்புவரை படித்தவள் இந்த அம்மாக்கண்ணு ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பக்கத்து டவுனான ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முகம்மது கனி பாய் படித்து முடித்த பேப்பரைக் காலை லோரியில் அனுப்பிவைப்பார்.

எழுபத்தெட்டுத் தேர்தலில் அவர் எந்தக் கட்சியும் இல்லாமல் சாவி சின்னத்தில் நின்றார். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வரும் என்றார். செய்யக்கூடிய ஆள்தான். என் வீட்டுக்காரர் கருப்பையாவைப் பாம்பு கடித்தபோது, கொட்டுகிற மழையில் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். "பாய், என் ஓட்டு ஒங்களுக்குத்தான்" என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'முஸ்லிம் வேட்பாளர் வென்றால் தோட்டத்துக் கோயில் தங்குமா?' யார் சொன்னது என்று ஒரு பெயரும் இல்லை. 'பேசிக்கொள்கிறார்கள்' என்று முடிந்திருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே! ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் என்னோடு கொழுந்து கிள்ளும் ருக்குமணி. வாசித்தேன்.

"பேப்பர்லயே போட்டுட்டான்லா, அப்புறம் என்ன?" என்றார் முனியாண்டிக் கங்காணி. அன்று சாயங்காலமே மாரியம்மன் முன்னால் எல்லோரையும் நிறுத்தினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். எங்கள் ஓட்டு எதிரே நின்ற இந்துத் தமிழருக்கே, நம்ம ஆளுக்கே. நானும்தான் அடித்தேன்.

ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் என்னை யாரும் பார்க்கவில்லை. சாவிப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளங்கை இன்னும் எரிந்தது. நம்ம ஆள் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஆறாம் பக்க மூலையில் இரண்டே வரி: கோயில் பற்றிய செய்தி தவறு, வருந்துகிறோம். அதையும் சத்தமாகத்தான் வாசித்தேன்.

"அட, அது பழசுலா. சினிமா பக்கத்துக்குப் போக்கா" என்றாள் ருக்குமணி.

ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாய் தானே தேநீர் ஆற்றிக் கொடுத்தார்.

"பாய், அன்னைக்கு அந்தப் பேப்பரப் பாத்துட்டா அனுப்புனீங்க?"

"பாக்காம? எனக்குப் புடிக்கலன்னு ஒங்க பேப்பரப் பதுக்க முடியுமா தங்கச்சி?" சிரித்தார். "மொத்தமே நாப்பத்தொரு ஓட்டு. எந்த மவராசன் போட்டானோ தெரியாது. ஆனா அதுல ஒண்ணு ஒன்னோடது. அது போதும்லா எனக்கு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டகைக்கே கேட்கிற குரல் வரவில்லை.

"பேப்பர் இனிமே அனுப்ப வேணாம் பாய்."

"ஏன்?"

"கண்ணு சரியாத் தெரியல."

மறுநாளும் லோரியில் பேப்பர் வந்தது. மடிப்புக்குள் பாயின் மூக்குக்கண்ணாடி இருந்தது.