அசைக்கக் கூடாத தொட்டி

ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பெங்களூர் போகிற காலை வண்டி ஐந்து ஐம்பதுக்கு வரும்.

மகன் உதய் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஷைலா அதில் ஏறத் தொடங்கினாள். இப்போது உதய் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஷைலா இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாள். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் போய் உட்கார வேண்டும். திரும்பி வரும்போது தெருவில் பாதி வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும். போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம். இரண்டும் உட்கார்ந்தபடி. கழுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, அந்தப் பக்கத்து வலி உடம்பில் ஓர் உறுப்புபோல ஆகிவிட்டது.

அவள் கணவன் பர்னபாஸ் மண் வாரும் பெரிய வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவன். இடுப்பு எலும்பு தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிறான். உதய் பள்ளிக்கூடம் முடிக்கட்டும், பெங்களூருக்கே போய்விடலாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

உதய் முடித்துவிட்டான்.

ஷைலா ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு பார்த்தாள். கீழே தையல் கடை. மேலே ஒரு ஹால், ஒரு படுக்கையறை. இப்போது இருக்கிறவர்கள் தசராவுக்குக் காலி செய்கிறார்கள், அதற்குள் சொன்னால் போதும் என்றார் வீட்டுக்காரர். சுதந்திர தினம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பர்னபாஸை அழைத்துப்போய்க் காட்டினாள். அவன் குழாயைத் திறந்து பார்த்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னலருகே நின்று, கீழே போகிற வண்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடிங்க கீது?"

"நல்லாத்தான் கீது."

"அட்வான்ஸ் குடுத்துடவா?"

"பாப்போம்."

அடுத்த வாரம் அவன் ஆங்கிள் இரும்பு வாங்கிவந்தான். வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து, வாசலில் உட்கார்ந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு செய்தான். ஹாலில், ஜன்னல் வெயில் படாத மூலையில் அதை வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் தகடு கொடுத்து, மறுபடி பார்த்தான். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது.

அன்றிரவு வீட்டுக்கு வந்த ஷைலா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இன்னாங்க இது?"

"தொட்டி."

"அது தெரியுது. எதுக்கு?"

"டிஸ்கஸ் வளக்கப் போறேன்." போனை எடுத்துக் காட்டினான். தட்டுபோல வட்டமான மீன். சிவப்பில் நீலக் கோடுகள். "மீனுக்கெல்லாம் ராஜான்றாங்க இத்த."

"இன்னொரு ராஜாவா? இருக்கற ராஜாவுக்கே ஆக்கிப் போட்டு மாளல."

அவன் சிரித்தான். வேலையை விட்டு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. அதனால் அவள் அதற்குமேல் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது மட்டும் கேட்டாள்.

"போற எடத்துக்கு இத்த எப்பிடித் தூக்கினு போறது?"

"அது பாத்துக்கலாம். நீ தூங்கு."

அவள் தூங்கினாள். அதை யாரும் அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

அதன்பிறகு அவள் வெறுங்கையோடு வண்டி ஏறிய நாள் குறைவு. பர்னபாஸ் கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு மீன் கடைக்காரரைப் பிடித்து வைத்திருந்தான். ஸ்ரீநிவாஸ் என்று பெயர். போனில் இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். வாங்கி வருவது ஷைலா. ஹீட்டர். வடிகட்டி. செடி வைக்கிற கறுப்பு மண், இரண்டு மூட்டை. முறுக்கிய வேர்போல ஒரு மரக்கட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அன்று, வண்டியில் எப்போதும் பக்கத்தில் உட்காருகிற வெங்கடம்மா கேட்டாள், "இன்னாடி, வெறகுகூடவா பெங்களூர்லேந்து தூக்கினு போற?" வெங்கடம்மா ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறாள். ஷைலாவைவிட மூத்தவள். அவளும் அதே ஐந்து ஐம்பது.

செடிகளை ஈரமான பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். பர்னபாஸ் ஒவ்வொன்றாகப் பிரித்து, அழுகின வேரை வெட்டி, நீளமான இடுக்கியால் மண்ணில் நட்டான். தொட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இஞ்ச் இஞ்சாகத் தண்ணீர் நிரப்பினான். பத்து நாளில் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடிபோல ஆகி, கரைந்தன.

"செத்துப்போச்சா?" என்றாள் ஷைலா.

"இல்ல. எடம் மாறினா அப்பிடித்தான் ஆவும். பழைய எல போயிடும். வேர் புடிச்சதும் புதுசு வரும்."

"பரவால்ல. செடிக்கு எடம் மாறத் தெரியுது."

பர்னபாஸ் கரைந்த இலையை வலையால் அள்ளிக்கொண்டிருந்தான்.

ஊர்த் தண்ணீர் அந்த மீனுக்கு ஆகாது. போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு. மீனுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டுமாம். காசு போட்டுப் பிடிக்கிற குடிநீர் நிலையத்திலிருந்து கேன்களில் பிடித்து, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தான். இரண்டு கையிலும் ஒவ்வொரு கேனோடு அவன் படி ஏறுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷைலா பார்த்தாள். பெங்களூரில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது என்று அவள் சொன்னபோது, அரை மணி நேரம் நிற்க முடியாது என்று சொன்ன இடுப்பு அது.

"வலிக்கலியா?"

"பெல்ட்டு போட்டுகினு கீறேன்."

மீன் விடுவதற்கு முன்னால் தொட்டி பழக வேண்டும் என்றான். தினம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். பச்சை இருந்தால் தண்ணீர் இன்னும் தயாராகவில்லை. மஞ்சளுக்கு வர வேண்டும். மீன் இல்லாத தண்ணீரை அவன் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். ஷைலா வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு இரண்டு முறை போன் செய்து, கட்டாயம் வருகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றாள்.

தசராவுக்கு முந்தைய சனிக்கிழமை, தண்ணீர் மஞ்சளுக்கு வந்துவிட்டது என்று பர்னபாஸ் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள். மதியமே மீன் கடைக்குப் போனாள்.

ஸ்ரீநிவாஸ் ஆறு மீன்களையும் தனித்தனிப் பைகளில் போட்டு, காற்று நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தபடியே பேசுகிற ஆள்.

"சூடு எறங்காமப் பாத்துக்கோங்க மேடம். குலுக்காதீங்க. தொட்டில விட்டப்பறம் கவலையே இல்ல. சாரு சக்கத்தா செட் பண்ணிருக்காரு, போட்டோ பாத்தேன். அதுக்கப்பறம் தொட்டிய மட்டும் அசைக்கவே கூடாது. வேரெல்லாம் மண்ணுல ஓடிடும். ஒருத்தர் ஹொசகோட்டேக்கு வீடு மாத்தினாரு. எட்டு மீனும் போச்சு. அதுலேந்து வீடு மாத்தறவங்களுக்கு நான் டிஸ்கஸ் குடுக்கறதே இல்ல. அதான் சாருகிட்ட மொதல் போன்லயே கேட்டேனே."

ஷைலா பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"எங்கயும் போறதில்ல, கடேசி வரைக்கும் இங்கதான்னாரு. அப்பறம்தான் தொட்டி அளவே சொன்னேன்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆகஸ்ட்டு பதினஞ்சு. லீவு நாள்லகூட விடமாட்டாரான்னு என் பெண்டாட்டி திட்டினா."

ஆகஸ்ட்டு பதினைந்து. அவன் அந்த வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தது அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. சுவரைத் தட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. நல்லாச் சுத்திக் குடுங்க."

வண்டியில் கூட்டம். சனிக்கிழமைகளில் சீக்கிரம் கிளம்பிவிடுகிற வெங்கடம்மா முந்தானையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"வாடி. இன்னைக்கு இன்னா, கேக்கா?"

"மீனுதான்க்கா."

"இவ்ளோ பெரிய பொட்டியா? கொழம்பு வெச்சா தெருவுக்கே ஆவும்."

"வளக்கறதுக்குக்கா."

"அப்ப அதுங்களுக்கு டிக்கெட்டு?"

எதிரே இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஷைலாவும் சிரித்தாள். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று பையில் முட்டியது. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூங்கினால் பெட்டி சரியும். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் தூங்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

மாலூர் தாண்டியதும் மேகம் மூடி, ஜன்னலில் குளிர்ந்த காற்று வந்தது. மூடியைத் திறந்து ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. வழியில் செத்துப்போச்சு என்றால் முடிந்தது. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஆமா சார்... இல்ல சார், எங்களால ஆவல. வேற ஆளுக்குக் குடுத்துடுங்க... இல்ல, கண்டிப்பா வரல. சாரி சார்."

வெங்கடம்மா திரும்பிப் பார்த்தாள். "அந்த வீடா?"

"ம்."

"அடிப்பாவி. தெனம் அந்த வீட்டப் பத்திச் சொல்லிச் சொல்லி என் காது ஓட்டையாச்சு. இன்னா ஆச்சு?"

"அவருக்குப் பிடிக்கலக்கா."

"பிடிக்கலன்னு சொன்னாரா?"

ஷைலா யோசித்தாள். "கடக்காரர்கிட்ட சொல்லிருக்காரு."

வெங்கடம்மாவுக்குப் புரியவில்லை. ஷைலாவின் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, கொஞ்சம் அவள் கையில் கொட்டினாள்.

பங்காருபேட்டையில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது ஷைலா போனை எடுத்தாள். பில் கவுண்டரில் பக்கத்து நாற்காலிப் பெண் பல்லவி. ஆஸ்பத்திரிக்கு எதிரே, பீஜி என்கிற பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள்.

"பல்லவி, உன் ரூம்ல ஒரு கட்டில் காலியா கீதுன்னியே... யாருக்கா? எனக்குத்தான்."

ஊரிகத்தில் பர்னபாஸ் ஸ்கூட்டரோடு நின்றான். பிளாட்பாரத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அவள் துப்பட்டாவைப் பார்த்தான்.

"நல்ல வேல பண்ண," என்றான்.

வீட்டில் தொட்டியின் விளக்கை அணைத்து வைத்திருந்தான். பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு நின்றான். ஷைலா சுவரோரம் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். தேநீர் போட எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

ஆறையும் வலையில் எடுத்து விட்டான். மீன்கள் கறுத்துப்போய், மரக்கட்டைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கின. படத்தில் பார்த்த நிறம் எதுவும் இல்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மீன் மட்டும் மெல்ல வெளியே வந்து, புதிதாய் விட்டிருந்த இலைகளுக்கு நடுவே நின்றது. பக்கவாட்டில் கோடுகள் லேசாகத் தெரிந்தன.

"பாத்தியா, பாத்தியா," என்றான் பர்னபாஸ். குரலைத் தாழ்த்தியிருந்தான்.

அழகாகத்தான் இருந்தது.

"வீட்டுக்காரரு போன் பண்ணாருங்க," என்றாள் ஷைலா.

அவன் திரும்பவில்லை. "ம்."

"வேணாம்னு சொல்லிட்டேன்."

அவன் தோள்கள் இறங்கின. பின்னாலிருந்தே அது தெரிந்தது. "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். இப்ப அந்த வாடகைக்கு—"

"பீஜில ஒரு கட்டில் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. திங்கக்கெழமலேந்து."

"யாருக்கு?"

"எனக்கு."

இப்போது திரும்பினான். டம்ளரிலிருந்து தண்ணீர் அவன் முட்டியில் சொட்டியது.

"சனிக்கெழம வருவேன். ஞாயித்துக்கெழம இருப்பேன். வாரத்துக்கு மாவு அரைச்சு வெச்சுட்டுப் போறேன்."

"இன்னாத்துக்கு ஷைலா இதெல்லாம்?"

"படுத்துத் தூங்கறதுக்கு."

அவன் அவளைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். சண்டை போடுகிற குரலில் அல்ல, நியாயம் கேட்கிற குரலில் சொன்னான்.

"இதுங்களுக்கு ஒரு நாளு உட்டு ஒரு நாளு தண்ணி மாத்தணும். இப்ப போய்ச் சொன்னா, நான் எப்பிடிக் கூட வர்றது, நீயே சொல்லு."

"மீனு இல்லாட்டி வந்திருப்பீங்களா?"